பிசாசின் சமையலறை "குணா குகை" ஆனது எப்படி?

சினிமாவும் பத்திரிகையும் பாட்டும் செய்யும் மாயம்!

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"குணா குகை எங்கே இருக்கிறது?"

இதுதான் அந்தக் கேள்வி. ஏரியைக் கேட்கிறார்களோ இல்லையோ, குகையைக் கேட்டு விடுகிறார்கள்.

ஆனால் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த இடத்துக்கு முன்பு அப்படி ஒரு பெயரே கிடையாது! குணா என்று ஒரு ராஜா அங்கே வாழவில்லை. குணா என்று ஒரு சாமியார் அங்கே தவம் செய்யவும் இல்லை. அந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு சினிமாப் படம்!

ஒரு படம், ஒரு மலையின் பெயரையே மாற்றி விட்டது. எப்படி?

வெள்ளைக்காரர் வைத்த பெயர்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டு நிற்பது பழனி மலைத்தொடர். அதன் மேல் சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். 1821-ம் ஆண்டில் வார்டு என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இந்த மலைகளை அளந்தார். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் இங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மலை ஏறியவர்கள் அவர்கள்.

வந்தவர்கள் கண்ட இடத்துக்கெல்லாம் தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். தூண்களைப் போல வரிசையாக நிற்கும் மூன்று பெரும் பாறைகளுக்கு "பில்லர் ராக்ஸ்" என்று பெயர். நம்மவர்கள் அதைத் தூண் பாறை என்கிறார்கள்.

அந்தப் பாறைகளுக்குப் பக்கத்தில் ஆழமான பிளவுகள் உண்டு. மேலே மரத்தின் வேர்கள் பாம்பு போலப் பின்னிக் கிடக்கும். கீழே எட்டிப் பார்த்தால் இருட்டு. அந்த இருட்டிலிருந்து மூடுபனி புகையைப் போல மேலே எழும்பி வரும். யாரோ உள்ளே அடுப்பு மூட்டிச் சமைப்பது போலத் தோன்றும். அந்த இடத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் "டெவில்ஸ் கிச்சன்". அதாவது, பிசாசின் சமையலறை!

அந்தப் பெயரைக் கேட்டு யாரும் அங்கே கூட்டம் கூட்டமாகப் போகவில்லை. பிசாசின் வீட்டுக்கு விருந்துக்குப் போக யாருக்குத்தான் ஆசை வரும்?

தீபாவளிக்கு வந்த படம்

1991-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி, தீபாவளியன்று, "குணா" படம் வெளிவந்தது. கமல்ஹாசன் நடித்தார். சந்தானபாரதி டைரக்ட் செய்தார். இளையராஜா இசை அமைத்தார். அதே நாளில் ரஜினிகாந்த் நடித்த "தளபதி" படமும் வெளியாயிற்று.

மனநிலை சரியில்லாத ஒருவன், தான் தெய்வமாக நினைக்கும் பெண்ணைக் கொண்டு வந்து ஒரு குகையில் வைத்திருக்கிறான். இதுதான் "குணா" படத்தின் கதை. அந்தக் குகைக் காட்சிகளுக்காகத் தேர்ந்தெடுத்த இடம்தான் பிசாசின் சமையலறை.

வசூலில் அது பெரிய வெற்றிப்படம் அல்ல. ஆனால் அந்தக் குகை மட்டும் ஜனங்களின் மனதில் ஒட்டிக்கொண்டது. சில ஆண்டுகளுக்குள் பழைய பெயர் மறைந்தது. "குணா குகை" என்ற புதுப்பெயர் நிலைத்தது. போர்டிலும் அந்தப் பெயர். வரைபடத்திலும் அந்தப் பெயர்.

பிசாசின் சமையலறைக்குப் போகப் பயந்த கால்கள், கமல்ஹாசன் பாடிய குகைக்குப் போகத் துடித்தன!

இடம் அதே இடம்தான். பாறை மாறவில்லை. பள்ளமும் மாறவில்லை. மாறியது ஜனங்களின் பார்வைதான். அந்தப் பார்வையைக் கொடுத்தது சினிமா.

ஆனால் பள்ளத்துக்குச் சினிமா தெரியாது. காலை எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் போனவர்கள் வழுக்கி விழுந்தார்கள். அங்கே விழுந்து உயிர் இழந்தவர்களும் உண்டு. ஆகவே அதிகாரிகள் வேலி போட்டு, உள்ளே போகத் தடை விதித்தார்கள்.

விழுந்தவரை மீட்ட நண்பர்

2006-ம் ஆண்டு. கேரளத்தில் கொச்சி அருகே உள்ள மஞ்ஞும்மல் என்ற ஊரிலிருந்து வாலிபர்கள் சிலர் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்தார்கள். குணா குகையையும் பார்க்கப் போனார்கள். தடையைத் தாண்டி உள்ளே சென்றார்கள். அவர்களில் ஒருவர் பள்ளத்தில் விழுந்து விட்டார்!

விழுந்தவர் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லாத இடம் அது. ஆனாலும் ஒரு நண்பர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினார். விழுந்தவரை உயிரோடு மேலே கொண்டு வந்தார். அந்த வீரத்துக்காக அவருக்கு "ஜீவன் ரக்ஷா" பதக்கம் பின்னர் கிடைத்தது.

இந்தச் சம்பவம் பல ஆண்டுகள் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமலே இருந்தது. 2024 பிப்ரவரியில் "மஞ்ஞும்மல் பாய்ஸ்" என்ற மலையாளப் படம் வந்தது. "குணா" படத்தின் பாட்டு அதிலும் ஒலித்தது. தமிழ்நாட்டிலும் தியேட்டர்கள் நிரம்பி வழிந்தன. 200 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் மலையாளப் படம் என்ற பெயரை அது பெற்றது.

அப்புறம் கேட்க வேண்டுமா? கொடைக்கானலில் குணா குகையைத் தேடி மறுபடியும் கூட்டம் அலை மோதியது!

இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. படத்தில் ஜனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்த அந்தக் குகையின் உட்பக்கம், நிஜக் குகை அல்ல. கேரளத்தில் பெரும்பாவூரில் போட்ட செட்! அதைப் பார்த்து விட்டுத்தான் ஜனங்கள் நிஜக் குகையைத் தேடி வந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று, மர வேர்களைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

நண்பனுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த கதையைச் சொன்னது அந்தப் படம். "தடையைத் தாண்டாதே" என்றும் அது சொல்லாமல் சொன்னது. பார்த்தவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள்? பலர் குகையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்!

நான்கு குதிரை வீரர்கள்

கொடைக்கானலில் முதலில் வீடு கட்டியவர்கள் அமெரிக்கர்கள் என்று பார்த்தோம் அல்லவா? அந்த அமெரிக்காவிலும் இதே மாயம் நடந்தது. அங்கே பெயர் மாறியது மலைக்கு அல்ல. ஒரு கல்லூரியின் கால்பந்துக் கோஷ்டிக்கு!

அமெரிக்கக் கால்பந்து நம் ஊர்க் கால்பந்து அல்ல. அந்தப் பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு பக்கமும் கூராக இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எதிரிகள் மேலே பாய்ந்து கீழே தள்ளுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர்.

கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டம்தானே என்று எண்ணி விடக்கூடாது. மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம்!

1924-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி. நியூயார்க் நகரில் நோட்டர் டேம் கல்லூரிக்கும் ராணுவக் கல்லூரிக்கும் போட்டி நடந்தது. நோட்டர் டேம் 13-க்கு 7 என்ற கணக்கில் ஜெயித்தது.

கிராண்ட்லேண்ட் ரைஸ் என்ற பிரபல நிருபர் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதினார். ஜெயித்த கோஷ்டியின் நான்கு பேருக்கு "நான்கு குதிரை வீரர்கள்" என்று பெயர் வைத்தார். பைபிளில் உலகத்தின் முடிவில் வருவதாகச் சொல்லப்படும் நான்கு குதிரைக்காரர்களின் பெயர் அது. அந்த எண்ணமும் ஒரு சினிமாவிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அப்படி ஒரு படம் 1921-ல் வெளியாகி இருந்தது.

கல்லூரியின் விளம்பர வேலையைக் கவனித்து வந்த மாணவர் ஒருவருக்கு மூளை வேலை செய்தது. நான்கு பேரையும் ஆட்ட உடையோடு நான்கு நிஜக் குதிரைகள் மேல் உட்கார வைத்தார். ஒரு போட்டோ எடுக்கச் செய்தார். அந்தப் படம் நாடு முழுவதும் பத்திரிகைகளில் வந்தது. நான்கு பேரும் ஒரே நாளில் வீரர்கள் ஆகி விட்டார்கள்!

உண்மையில் அவர்கள் ஒருவரும் பீமசேனர்கள் அல்ல. நான்கு பேரில் ஒருவர் கூட 75 கிலோ எடை இல்லை. ஆனால் போட்டோவைப் பார்த்தவர்கள் கண்ணுக்கு அவர்கள் ராட்சதர்களாகத் தெரிந்தார்கள். 1998-ல் அமெரிக்க அரசாங்கம் அவர்கள் படத்தோடு தபால் தலையே வெளியிட்டது.

கோஷ்டி நல்ல கோஷ்டிதான். அந்த ஆண்டு அது ஓர் ஆட்டத்தில் கூடத் தோற்கவில்லை. நிருபர் பொய் எழுதவில்லை.

ஆனால் ஆடியவர்கள் 11 பேர். நான்கு பேர் குதிரை ஏறினார்கள். மற்ற ஏழு பேர்?

எதிரிகளைத் தடுத்து, மேலே விழுந்த அடியைத் தாங்கி, அந்த நான்கு பேருக்கும் வழி விட்டவர்கள் அந்த ஏழு பேர்தான். அவர்களுக்கும் ஒரு பெயர் கிடைத்தது. என்ன பெயர்? "ஏழு கோவேறு கழுதைகள்"!

பத்திரிகையின் வெளிச்சம் எங்கே விழுகிறதோ, அங்கேதான் ஜனங்களின் கண்ணும் போகிறது. வெளிச்சம் விழாத இடத்தில் உழைக்கிறவர்களை யாரும் பார்ப்பது இல்லை.

இல்லாத கல்லூரியின் வெற்றிகள்!

இன்னொரு கதை. இது இன்னும் வேடிக்கை.

1941-ம் ஆண்டு. மாரிஸ் நியூபர்கர் என்பவர் நியூயார்க்கில் பங்கு மார்க்கெட் தரகர். யாரும் கேள்விப்படாத சின்னச் சின்னக் கல்லூரிகளின் ஆட்ட முடிவைக் கூடப் பத்திரிகைகள் வெளியிடுவதை அவர் கவனித்தார். ஒரு நாள் பத்திரிகை ஆபீசுக்கு டெலிபோன் செய்தார்.

"பிளெயின்பீல்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஜெயித்து விட்டது" என்று சொன்னார். ஆட்டக் கணக்கையும் கொடுத்தார்.

மறுநாள் பத்திரிகையில் அது வந்து விட்டது!

அப்படி ஒரு கல்லூரியே உலகத்தில் கிடையாது. ஆனால் வாரா வாரம் அது ஜெயித்துக்கொண்டே இருந்தது. "ஜானி சுங்" என்று ஒரு சூரனையும் நியூபர்கர் படைத்தார். அவன் பாதிச் சீனன், பாதி ஹவாய்த் தீவுக்காரன். இடைவேளையில் அரிசிச் சோறு சாப்பிட்டு விட்டு வந்து எதிரிகளைத் துவம்சம் செய்வான்! அவனைப் பற்றியும் பத்திரிகையில் செய்தி வந்தது. நியூயார்க்கின் மிகப் பெரிய பத்திரிகைகளே ஏமாந்தன.

கடைசியில் குட்டு வெளிப்பட்டது. ஜானி சுங்கும் அவன் தோழர்களும் பரீட்சையில் தோற்று விட்டதால் மீதி ஆட்டங்கள் ரத்து என்று ஒரு கடைசிச் செய்தியை நியூபர்கர் தயார் செய்தார். இல்லாத மாணவர்கள், இல்லாத பரீட்சையில் தோற்றார்கள்!

இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். செய்தியை அச்சிடும் முன் பத்திரிகை ஆபீசிலிருந்து ஒருவராவது அந்தக் கல்லூரிக்குப் போய்ப் பார்த்தாரா? இல்லை. வாசகர்களில் ஒருவராவது கேட்டாரா? அதுவும் இல்லை. அச்சில் வந்தால் உண்மை என்று எல்லோரும் எண்ணினார்கள்.

1936 முதல் அமெரிக்காவில் நிருபர்கள் ஓட்டுப் போட்டு, எந்தக் கல்லூரிக் கோஷ்டி முதல் இடம், எது இரண்டாம் இடம் என்று வாரந்தோறும் வரிசை போடுகிறார்கள். ஆடுகிற கோஷ்டிகளோ நூற்றுக்கு மேல். எல்லா ஆட்டங்களையும் ஒரு மனிதர் நேரில் பார்க்க முடியுமா? முடியாது. பார்க்காத ஆட்டத்துக்கு, பிறர் எழுதியதைப் படித்துத்தான் மார்க்குப் போட வேண்டும். பெயர் பெற்ற கோஷ்டிக்கு மேலும் பெயர் சேருகிறது. பெயர் இல்லாதது எவ்வளவு நன்றாக ஆடினாலும் மேலே வரச் சிரமப்படுகிறது.

பணக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குத்தானே ஊரே போகிறது!

அதே மலையில் இன்னொரு கதை

இப்போது கொடைக்கானலுக்குத் திரும்புவோம்.

குணா குகை எல்லோருக்கும் தெரியும். அதே ஊரில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது தெரியுமா?

காய்ச்சலை அளக்கும் கண்ணாடிக் குழாயில் பளபளப்பாக ஏறி இறங்குமே, அதுதான் பாதரசம். பார்க்க அழகு, ஆனால் விஷம். அதன் ஆவியைச் சுவாசித்தால் சிறுநீரகமும் நரம்பும் கெடும். கண்ணுக்கும் தெரியாது; மூக்குக்கும் தெரியாது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, 1980-களில் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. முதலில் பாண்ட்ஸ் கம்பெனியிடம் இருந்தது. 1998-ல் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. மலைவாசிகளுக்கு வேலை கிடைத்தது. தொழிற்சாலைக்குப் பின்னால் சரிவில் பாம்பாறு சோலைக்காடு. அங்கிருந்து தண்ணீர் சமவெளிக்கு இறங்குகிறது.

2001 மார்ச்சில் உண்மை வெளியே வந்தது. ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் குவிந்து கிடந்ததை ஊர்மக்களும் "கிரீன்பீஸ்" இயக்கத்தினரும் எடுத்துக் காட்டினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

அன்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. பிறகு மெல்ல மெல்ல மறைந்தது. வேலை செய்தவர்களின் கஷ்டம் மறையவில்லை. உடல்நலம் கெட்டு விட்டது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று கம்பெனி சொன்னது. 2006-ல் தொழிலாளர்கள் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது.

அந்த நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கொடைக்கானல் வந்தார்கள், குணா குகை பார்த்தார்கள், சாக்லேட் வாங்கினார்கள், போனார்கள். பாதரசத் தொழிலாளி எங்கே இருக்கிறான் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

அவர்கள்தான் இந்த மலையின் "ஏழு பேர்". வெளிச்சம் அவர்கள் மேல் விழவில்லை.

ஒரு பாட்டு செய்த வேலை

2015 ஜூலை மாதக் கடைசி. சோபியா அஷ்ரப் என்ற சென்னைப் பெண் ஒரு பாட்டுப் பாடி இன்டர்நெட்டில் வெளியிட்டார். உலகப் புகழ் பெற்ற ஓர் ஆங்கிலப் பாட்டின் மெட்டில், கொடைக்கானல் தொழிலாளர்களின் கதையைச் சொன்னார். கம்பெனி பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டார்.

சில நாட்களில் பல லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. 14 ஆண்டுகளாகப் பேசாதவர்கள் எல்லாம் பேசினார்கள். லண்டனில் இருக்கும் தலைமைக் கம்பெனியான யூனிலீவரின் தலைவரே பதில் சொல்ல வேண்டி வந்தது.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி சமரசம் செய்துகொண்டது. மனிதாபிமான முறையில் பணம் கொடுப்பதாகச் சொன்னது.

பாட்டு மட்டுமா இதைச் செய்தது? இல்லை. தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுப் படி ஏறினார்கள். ஊரின் இயற்கை ஆர்வலர்கள் விடாமல் போராடினார்கள். அவர்கள் மூட்டிய நெருப்பைப் பாட்டு ஊதி விட்டது. அவ்வளவுதான். ஆனால் ஊதாவிட்டால் நெருப்புத் தெரிந்திருக்காது!

மண்ணில் கலந்த பாதரசத்தை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற தகராறு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 2018-ல் சோபியா அஷ்ரப் இன்னொரு பாட்டு வெளியிட்டார். அதில் சங்கீத வித்துவான் டி.எம்.கிருஷ்ணாவும் பாடினார்.

மூன்று கேள்விகள்

ஒரே மலை. ஒரு பள்ளத்தைச் சினிமா உலகம் அறியச் செய்தது. வாலிபர்கள் அதைத் தேடிப் போய் ஆபத்தில் சிக்கினார்கள். ஒரு விஷத்தைப் பாட்டு உலகம் அறியச் செய்தது. தொழிலாளர்களுக்கு ஓரளவு நியாயம் கிடைத்தது.

கத்தி ஒன்றுதான். காய் நறுக்கவும் செய்யும். கையை நறுக்கவும் செய்யும். சினிமா, பத்திரிகை, ரேடியோ, டெலிவிஷன், இன்றைய செல்போன் எல்லாமே அப்படித்தான்.

ஆகவே எதைப் படித்தாலும், பார்த்தாலும், மூன்று கேள்விகள் கேட்டுப் பழக வேண்டும்.

இதை நேரில் பார்த்தவர் யார்? இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டிருந்தால், இல்லாத கல்லூரி ஓர் ஆட்டம் கூட ஜெயித்திருக்காது.

இதைச் சொல்வதால் யாருக்கு லாபம்? குதிரை மேல் ஏறியவர்கள் தாமாக ஏறவில்லை. ஏற்றி விட்டவர் ஒருவர் இருந்தார்.

சொல்லாமல் விட்டது என்ன? இதுதான் மூன்றிலும் பெரிய கேள்வி. நான்கு பேரைச் சொன்னால் ஏழு பேரைத் தேட வேண்டும். குகையைக் காட்டினால் தொழிற்சாலையைத் தேட வேண்டும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அச்சில் வருவதும் திரையில் வருவதும் அதற்கு விலக்கு அல்ல.

படிக்கத் தெரிந்தவனுக்குச் செய்தி கிடைக்கும். படித்து விட்டுக் கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் உண்மை கிடைக்கும்.

அடுத்த விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறவர்கள் குணா குகையைத் தாராளமாகப் பார்க்கலாம். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதே நல்லது. பார்த்து விட்டு, பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் அதன் பழைய பெயரையும் சொல்லலாம். பெயர் எப்படி மாறியது என்று பிள்ளை கேட்கும்.

கேட்கட்டும். கேள்வி கேட்கப் பழகுவதற்கு அது நல்ல இடம்!